வஞ்சினமா, கேடயமா?

சிகரெட்டை விடுவதென்று முடிவெடுத்ததும் எனக்கு நினைவில் வந்தது புறநானூற்றின் 72ஆம் பாட்டு. தன்னைச் சிறுவன் என்று எள்ளிய பகைவரை வெல்லாவிட்டால் தனக்கு என்ன நேரட்டும் என்று தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் அதில் வஞ்சினம் கூறுகிறான். குடிமக்கள் ‘கொடியன் எம் இறை’ என்று கண்ணீர் விடட்டும். மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாது போகட்டும். இரப்போர்க்கு ஈய முடியாத வறுமை என்னைச் சேரட்டும். மூன்றில் ஒன்றுகூட அவன் உயிரைப் பற்றியதல்ல. யாருடைய மதிப்பை இழந்தால் தான் அரசனே இல்லையோ, அவர்களைப் பணயம் வைக்கிறான். ‘இன்னது பிழைப்பின் இதுவாகியர்’ என்று தொல்காப்பியம் வகுத்த இலக்கணம் இதுதான்.

நானும் என் மகள் முன்னால் சொன்னேன்: இனி புகைத்தால் உனக்கு இரவில் கதை சொல்லும் உரிமை எனக்கு இல்லை. நாற்பது நாள் அந்தச் சொல் என்னைக் காத்தது. மறுநாள் தவறினேன்.

வஞ்சினத்தின் குறை அப்போதுதான் புரிந்தது. தவறியவனுக்கு அடுத்த நாள் என்ன என்று அது சொல்வதில்லை. வெண்ணிப் போரில் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணிச் சேர மன்னன் சேரலாதன் வடக்கிருந்தான், அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட்டான். அந்த மானத்தை வணங்குகிறேன். ஆனால் ஒரு பழக்கத்தோடு போராடுபவனுக்கு அந்த நாணம் ஒளியத்தான் கற்றுக்கொடுக்கிறது. நான் மகளிடம் மறைத்தேன்.

சாவைத் தினமும் எண்ணச் சொல்லும், ஜப்பானியப் போர்வீரர்களான சாமுராய்களின் நெறியை ஒரு வாரம் முயன்றேன். சிகரெட் அட்டைப் படம் நெடுங்காலமாக அதைத்தான் சொல்லி வருகிறது. எனக்குக் குறைந்தது சாவைப் பற்றிய நினைவு அல்ல.

பயன்பட்டது பண்டைய கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவின் கேடயம். ஹெலட்டுகள் என்ற மக்களை அடிமைகளாக வைத்து வாழ்ந்த அந்நகரை நான் போற்றவில்லை. இந்த ஒரு நெறியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தலைக்கவசத்தைத் தொலைத்தவனை விட்டுவிட்டுக் கேடயத்தைத் தொலைத்தவனை மட்டும் ஏன் இழிவுபடுத்துகிறீர்கள் என்று கேட்டதற்கு அரசன் தெமராட்டஸ் சொன்ன விடையைப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் பதிந்திருக்கிறார்: கவசம் தனக்காக, கேடயம் அணிக்காக. கி.மு. 480இல் பாரசீகரை எதிர்த்துத் தோழர்கள் மடிந்த தெர்மோப்பிலேப் போர்க்களத்திலிருந்து கண்நோயோடு திரும்பிய ஸ்பார்ட்டா வீரன் அரிஸ்தோதேமஸை ஊரே ஒதுக்கியது. மறு ஆண்டு பிளாட்டியாப் போரில் அவன் அணியை விட்டு முன்னே பாய்ந்து, வெறியோடு போரிட்டு மடிந்தான். அதற்கும் ஸ்பார்ட்டா சிறப்புச் செய்யவில்லை. பழி தீர வீரச்சாவு தேடுவதைவிட, பக்கத்தில் நிற்பவனை விடாமல் நிற்பதே அங்கே பெரிது.

புகையை விட முயலும் அலுவலக நண்பரிடம் பேசினேன். மாலை நான்கு மணித் தேநீருக்குச் சேர்ந்து போய்ச் சேர்ந்தே திரும்புகிறோம். மூன்றாம் வாரம் அவர் தவறினார். அன்றே என்னிடம் சொன்னார், மறுநாளும் வந்தார். அதற்குப் பிறகுதான் எனக்கும் துணிவு வந்து மகளிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடரச் சொன்னாள்.