மாரோவிண்டிலிருந்து கிங்டம் கம் வரை: யாருடைய திறமை?

பல வருடங்களாக ரோல்-பிளேயிங் கேம்கள் ஆடுகிறேன். ஒரு கேமில் நான் நிலைப்பதும் விலகுவதும் பெரும்பாலும் ஒரு கேள்வியைப் பொறுத்தே இருக்கிறது: ஜெயிப்பது என் கைப்பழக்கமா, கதாபாத்திரத்தின் திறன் எண்ணா?

2002-இல் வந்த மாரோவிண்ட் எண்ணின் பக்கம். வாள் எதிரிமேல் பாய்வதைக் கண்ணால் பார்ப்போம். உள்ளே உருளும் பகடையோ அடி படவில்லை என்றுவிடும். ஓடிவந்த களைப்போடு வெட்டினால் குறி இன்னும் தப்பும். புதிதாக ஆடுகிறவர்கள் சற்று நின்று, களைப்பு ஆறியபின் வெட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அந்தக் கணக்கில் எனக்குக் குறையில்லை. கண் பார்ப்பதும் கணக்கு சொல்வதும் ஒட்டாததுதான் சலிப்பூட்டுகிறது.

ஸ்கைரிம் (2011) நேர் எதிர். எவ்வளவு கடினமான பூட்டானாலும் ஆரம்பத்திலேயே முயன்று பார்க்கலாம். கம்பியை நிதானமாகத் திருப்பப் பழகிவிட்டால் பூட்டுத் திறனை வளர்க்கவே தேவையில்லை. என் மந்திரவாதியும் என் திருடனும் அந்த இடத்தில் ஒரே ஆள்தான்! ஃபால்அவுட் 3-இல் பூட்டுத் திறனுக்கு 25, 50, 75, 100 என்று வாசல் வைத்திருப்பார்கள். எண் இல்லையென்றால் தொடவே முடியாது. தெளிவான விதி, ஆனால் கைக்கு வேலை குறைவு.

நான் திரும்பத் திரும்பப் போவது கிங்டம் கம்: டெலிவரன்ஸ் (2018). 1403-ஆம் ஆண்டு பொஹீமியாவில் நாம் ஆடும் ஹென்ரி ஒரு கொல்லன் மகன், படிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம்மாறிக் கிடக்கும், அதனால் நமக்கும் புரியாது. ஒருவரிடம் எழுத்து கற்று, பழகப் பழகத்தான் வரிகள் தெளியும். வில்லை எடுத்தால் குறிப்புள்ளி கிடையாது, கை நடுங்கும். பயிற்சி ஏற ஏற நடுக்கம் அடங்கும், அதற்குள் என் கண்ணும் பழகிவிடும். இருவரும் சேர்ந்தே கற்கிறோம். இதைத்தான் நான் இந்த வகை கேம்களில் தேடிக்கொண்டிருந்தேன்.

சண்டை கற்றுத்தரும் பெர்னார்டிடம் மாஸ்டர் ஸ்ட்ரைக் (எதிரியின் வெட்டைச் சரியான நேரத்தில் தடுத்து உடனே திருப்பி அடிக்கும் உத்தி) கற்றபின் மட்டும் அந்த உறவு தளர்ந்துவிடுகிறது. எதிரி வெட்டும்வரை காத்திருந்து தடுத்தாலே பாதிச் சண்டை முடிந்துவிடும்.

கை வேகம் வராதவர்களுக்கு டிஸ்கோ எலிசியம் (2019) சொல்வேன். அதுவும் பகடைதான், இரண்டு பகடை. ஆனால் உருட்டும் முன்பே வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று காட்டிவிடும், தோற்றாலும் கதை நகரும்.