66 மஸ்டாங்: பாகங்களுக்குப் பஞ்சமில்லை, கதவுதான் மூட மாட்டேன் என்கிறது

நண்பர் ஒருவர் 1966 ஃபோர்டு மஸ்டாங் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். "அறுபது வருஷத்து வண்டி, ஸ்பேர் கிடைக்குமா?" என்பதுதான் அவர் கேள்வி. அதே வருடத்து வண்டியை நியூ ஜெர்சியில் நெடுநாளாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 289 கன அங்குல வி8 எஞ்சின், சி4 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். போன வாரம்தான் கதவு இரண்டுக்கும் பீடிங், அதாவது ஓரத்து ரப்பர் பட்டை, மாற்றினேன். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

கிடைக்குமா என்றால், தாராளமாகக் கிடைக்கும். 66 மாடல் மட்டுமே ஆறு லட்சத்துக்கு மேல் விற்றது. அடித்தளம் ஃபோர்டின் இன்னொரு காரான ஃபால்கனுடையது என்பதால் இரண்டுக்கும் பொதுவான பாகங்கள் நிறைய. கார்புரேட்டர் கிட், லீஃப் ஸ்பிரிங், ஹீட்டர் கோர், தரைத்தகடு என்று எதைக் கேட்டாலும் புதிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். கன்வர்ட்டிபிளுக்கு முழு பாடியே புதிதாக வாங்கலாம். பிரேக்குக்கு மட்டும் முதல் நாளே செலவு செய்யுங்கள். 66 வரை பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைதான். ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 67இல் வந்த இரட்டை முறைக்கு மாற்ற கிட் இருக்கிறது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று இதில் உண்டு: ஃபோர்டின் பாக எண்கள். சி5இசட்இசட் (C5ZZ) என்று ஆரம்பித்தால், சி என்பது 1960கள், 5 என்பது 65ஆம் வருடம், முதல் இசட் மஸ்டாங், அடுத்தது சர்வீஸ் பாகம். மூன்றாம் எழுத்து டி (D) என்றால் ஃபால்கன், ஓ (O) என்றால் ஃபேர்லேன் என்ற இன்னொரு ஃபோர்டு. பின்னால் வரும் எண் பாகத்தின் வகையைச் சொல்லும்; 9510 என்றால் கார்புரேட்டர். பாகத்தின் மேலேயே வார்த்திருக்கும் எண்ணில் நான்காம் எழுத்து மாறும், மற்றபடி அதே முறைதான். பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் அக்டோபர் தோறும் நடக்கும் பழைய கார் சந்தையில், மேசை நிறையக் கிடக்கும் துருப்பிடித்த இரும்பில் எது நம் வண்டிக்கு ஆகும் என்பதை விற்பவரைக் கேட்காமலே கண்டுபிடித்துவிடலாம். இப்படி ஓர் ஒழுங்கைக் கணினி பரவுவதற்கு முன்பே யோசித்து வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை பொங்குகிறது. வண்டியின் அடையாள எண்ணில் (VIN) இரண்டாம் எழுத்தும் அப்படித்தான், எந்த ஆலையில் செய்தது என்று சொல்லும். என் வண்டிக்கு டி (T), அதாவது மெட்டச்சன் ஆலை. அது இருந்தது நியூ ஜெர்சியிலேயே, இன்று நம் ஆட்கள் நிறைந்திருக்கும் எடிசனில். 2004இல் மூடிவிட்டார்கள்.

சரி, பீடிங்குக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் ஃபோர்டே செய்து, பெட்டி பிரிக்காமல் கிடக்கும் பாகங்கள் இன்றும் சந்தையில் உண்டு. இரும்பு என்றால் விலை கூடினாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், அப்படியே பொருந்தும். ரப்பருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. பெட்டியிலேயே கிடந்தாலும் ரப்பர் காய்ந்து விறைத்துவிடும். ஆகவே புதிதாகச் செய்ததைத்தான் வாங்க வேண்டும். அதுவோ தடிமன் அதிகம், கெட்டி. மாட்டியதும் கதவை ஓங்கி அடித்தால்தான் லாக் விழுகிறது. லாக் போய் மாட்டும் கொண்டியை வெளியே தள்ளி வைத்தால் மூடும். ஆனால் கதவு ஃபெண்டரைவிடத் துருத்திக்கொண்டு நிற்கும், வேகம் எடுத்தால் காற்று இரையும், மழைத் தண்ணீரும் உள்ளே வரும். வேறொரு கடையில் வாங்கிப் பார்த்தேன். பெட்டிதான் வேறு, உள்ளே அதே அச்சு, அதே மூலையில் அதே பிசிறு. "கதவை மூடியே வையுங்கள், நாளாக நாளாக அமுங்கிவிடும்" என்கிறார்கள். ஓரளவு அமுங்கியது, உண்மைதான். ஆனால் ஓட்டுநர் பக்கக் கதவை எத்தனை நாள் திறக்காமல் வைப்பது? அசல் அளவு என்று விளம்பரம் செய்து காசு வாங்குபவர், ஒரே ஒரு கதவில் மாட்டி மூடிப் பார்த்திருக்கக் கூடாதா? எஞ்சினைத் திரும்பப் பிரிக்கச் சொன்னாலும் சந்தோஷமாகப் பிரிப்பேன். இந்த ரப்பரை இன்னொரு முறை தொட மாட்டேன்.

அதனால், இவ்வளவு பாராட்டிய பிறகும், இன்றைக்கு நண்பருக்கு என் பதில் வாங்க வேண்டாம் என்பதுதான்.

கேட்க மாட்டார், தெரியும். அப்படியானால் பணம் கொடுக்கும் முன் இரண்டு சோதனை செய்யச் சொல்வேன். முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுத் துளைகளில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு, உள்ளே கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். நனைந்திருந்தால் உள்தகடு துருவில் ஓட்டையாகிவிட்டது. மேல் தகட்டின் வெல்டிங்கைப் புள்ளி புள்ளியாகத் துளைத்துப் பிரித்தால்தான் சரி செய்ய முடியும், கூலியே பெரிய தொகை. அப்புறம் கதவு இரண்டையும் ஒரு விரலால் தள்ளி மூடிப் பாருங்கள். மூடினால், அதில் இருக்கும் பீடிங் எவ்வளவு பழசாகத் தெரிந்தாலும் பிடுங்காதீர்கள்.