ஒரே பெட்டியில் பல துப்பாக்கிச் சாமான்: புதுச்சேரி பழம்பொருள் கடை 'ரிவால்விங் ரைபிள் செட்'

காந்தி வீதிப் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில், வெல்வெட் ஒட்டிய மரப்பெட்டியை '1855 கோல்ட் ரிவால்விங் ரைபிள் செட்' என்று விற்கிறார்கள். (சுழலும் சிலிண்டரின் அறைகளில் மருந்தும் குண்டும் நிரப்பிச் சுடும் பழைய நீளத் துப்பாக்கி அது.) பெட்டி புதுசு. உள்ளே இருப்பவை ஒரே துப்பாக்கிக்கு உரியவை அல்ல. உதிரியாகக் கேட்டால் கொடுப்பார்கள்.

நிப்பிள் என்பது, தட்டினால் வெடித்து நெருப்பு தரும் 'கேப்' என்ற சிறு மூடியை மாட்டும் குமிழ்; அதைக் கழற்றும் சாவியில்தான் பெரிய கோளாறு. சதுர ஓட்டையுள்ள இந்தத் தடிச்சாவி மஸ்கட் என்ற பழைய நீள்குழல் துப்பாக்கிக்கானது. கோல்ட் ரைபிளில் நிப்பிள் சிலிண்டரின் பின்புறப் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும், இரண்டு பக்கம் மட்டுமே தட்டை. மெல்லிய சுவரும் வாயில் காடியும் உள்ள சாவிதான் அதில் இறங்கும். இதை வைத்துத் திருகினால் தட்டைப் பக்கம் மழுங்கி, நிப்பிள் உள்ளேயே நின்றுவிடும்.

கூடவே வைத்திருக்கும் சிலிண்டரில் 'நிப்பிள் உடைந்துவிட்டது' என்கிறார்கள். உடையவில்லை, இருந்ததே இல்லை! ஒவ்வொரு அறையின் பின்விளிம்பிலும் சிறு காடி இருக்கிறது. தோட்டாவின் ஊசி வெளியே நீட்ட விட்ட வழி அது. அதாவது இது லெஃபோஷே பின்ஃபயர், தோட்டாவிலேயே நீட்டும் ஊசியைத் தட்டிச் சுடும் வேறு துப்பாக்கியின் சிலிண்டர். பிரெஞ்சுக் கடற்படை 1858இல் ஏற்றுக்கொண்ட ரகம், இந்த ஊரில் கிடைப்பதில் வியப்பில்லை. விலை குறைவு என்று தூக்கிவிடவும் வேண்டாம்: 1959 ஆயுதச் சட்டத்தில் பாகமும் ஆயுதக் கணக்குதான். பழுது பார்த்தாலும் சுடாது என்ற நிலையில் உள்ள பழசுக்குத்தான் விலக்கு.

பெட்டியில் தேறுவது குண்டு வார்க்கும் அச்சு ஒன்றுதான். இரட்டைக் குழி, ஒன்று உருண்டை, மற்றது கூம்பு. உருண்டைக் குழியை வெர்னியர் அளவுகோலில் அளந்தால் 11.5 மி.மீ., .44 அங்குல ரகத்துக்குப் பொருந்தும். குண்டு அறையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பது பிழையல்ல, இடித்து இறக்கும்போது ஈயம் வளையமாகச் சீவப்பட்டு அறை இறுக அடைபடும். தளர்ந்தால் நெருப்பு பக்கத்து அறைகளுக்கும் தாவும். முன்னே குழலைத் தாங்கும் இடது கை என்னாகும்? இந்த ரைபிளின் பெயர் கெட்டதே அதனால்தான்.

வெடிமருந்துக் குடுவையில் பிலிப்ஸ் திருகு (கூட்டல் குறித் தலை உள்ள பிற்காலத் திருகு), நிச்சயம் நகல். ஈலி நிறுவனத்தின் கேப் டப்பாவை ஆட்டிப் பார்க்காதீர்கள்; உள்ளே கேப் இருந்தால் இன்றும் வெடிக்கலாம்.

அச்சுக்கு 4,500 ரூபாய் கேட்கிறார்கள். கீல் ஆடுகிறது, வார்த்தால் குண்டில் விளிம்பு நிற்கும். 3,000க்கு மேல் தர வேண்டாம், ரசீதில் 'குண்டு அச்சு' என்று எழுதி வாங்குங்கள்.