அலுவலகக் கணினிக்கு ஐபி முகவரி: கையால் போடுவதா, டிஹெச்சிபியிடம் விடுவதா?

எங்கள் அலுவலகக் கணினிகள் எல்லாவற்றிலும் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினியையும் அடையாளம் காட்டும் எண்ணை, கையால்தான் போட்டு வைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு, ரவுட்டரே தானாக முகவரி வழங்கும் டிஹெச்சிபிக்கு மாற்றியது நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

வேகத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. கையால் போட்டால் வெளியாள் நுழைய முடியாது என்பார்கள். ஒரு முகவரியை ஊகிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஐபி, சப்நெட் மாஸ்க் (எதெல்லாம் நம் வரிசை என்று காட்டுவது), கேட்வே (வெளியே போகும் வழியான ரவுட்டரின் முகவரி), டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சர்வர்) என்று நாலையும் ஒவ்வொரு கணினியிலும் அடிப்பது எரிச்சல்தான், ஆனாலும் அது ஒருநாள் வேலை.

முடிவு செய்ய வேண்டிய இடம் வேறு. "நெட் வரல" என்று ஒருவர் கூப்பிடும்போது அந்தக் கணினியைப் பார்த்து நமக்கு என்ன தெரிகிறது?

டிஹெச்சிபி என்றால் நிறையவே தெரியும். கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடியுங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால், கணினி முகவரி கேட்டும் பதில் கிடைக்காமல் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். பிரவுசரை நோண்டிப் பயனில்லை; கேபிள், சுவிட்ச் போர்ட், ரவுட்டர் என்று போகலாம். அலுவலகத்துக்குரிய 192.168.1 வரிசையிலேயே வந்திருந்தால் பெரும்பாலும் ரவுட்டர் வரை வழி சரி. கேட்வே பதில் சொல்கிறதா என்று ஒரு பிங் போட்டுப் பார்த்துவிட்டு டிஎன்எஸ் பக்கம் திரும்பலாம். சம்பந்தமே இல்லாத 192.168.0 வரிசை வருகிறதா? யாரோ உபரி வைஃபை ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சொருகியிருப்பார், அதுவும் தன் பங்குக்கு முகவரி வழங்கிக்கொண்டிருக்கும்.

கையால் போட்ட கணினியில் இந்தத் துப்பு கிடைக்காது. கேபிளே கழன்றிருந்தால் சரி, இரண்டிலுமே 'மீடியா டிஸ்கனெக்டட்' என்று வந்துவிடும். ஆனால் சுவிட்சுக்கும் ரவுட்டருக்கும் இடையில் இணைப்பு போயிருந்தாலும் அது 192.168.1.25 என்றே காட்டும். நாம் எழுதியதை நமக்கே திருப்பிப் படித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இதைவிடத் தொல்லை முகவரி மோதல். புதுக் கணினிக்கு எந்த எண் காலி என்று தெரியாமல் பக்கத்துக் கணினியில் இருப்பதையே ஒருவர் போட்டுவிடுவார். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும்போதுதான் வம்பு. ஆகவே காலையில் வேலை செய்யும், மதியம் அறுபடும். நாம் போய் உட்காரும் நேரத்தில் அந்த இன்னொருவர் கணினியை அணைத்துவிட்டுக் கிளம்பியிருப்பார். எண்களைக் குறித்து வைக்க ஒரு நோட்டு போட்டால் போதாதா என்றால், அந்த நோட்டை யார் புதுப்பிப்பது? ரவுட்டரை மாற்றி முகவரி வரிசை மாறினாலோ கணினி கணினியாக மறுபடி உட்கார வேண்டும்.

டிஹெச்சிபிக்கும் வியாதி உண்டு. வழங்குவதற்குக் கடைசி எண் 100 முதல் 199 வரை என்று ஒதுக்கி வைத்தால், எல்லோருடைய போனும் வைஃபையில் ஏறி அதைத் தின்றுவிடும். கடைசியில் வருபவருக்கு 169.254தான். விருந்தினர் வைஃபையைத் தனி வரிசைக்குப் பிரித்துவிட்டால் தீர்ந்தது. ரவுட்டர் படுத்தால் எல்லாம் படுக்கும் என்பது பாதி உண்மைதான்: ஏற்கெனவே வாங்கிய முகவரி லீஸ் (அதை வைத்துக்கொள்ளத் தந்த கெடு) முடியும்வரை இருக்கும். புதிதாக ஆன் செய்யும் கணினிகள்தான் மாட்டும். அந்த நேரத்தில் ஃபைல் ஷேரிங்கும் பிரிண்ட்டும் தடையில்லாமல் நடப்பது கையால் போட்ட இடத்தில்தான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

பிரிண்டருக்கும் ஃபைல் சர்வருக்கும் முகவரி மாறக்கூடாது. அவற்றுக்கு எப்போதும் அதே முகவரியைக் கொடு என்று ரவுட்டரிலேயே ரிசர்வேஷன் போட்டிருக்கிறேன். அது நெட்வொர்க் கார்டுக்கே உரிய மேக் முகவரியை வைத்து இயங்குவது. நெட்வொர்க் கார்டை மாற்றினால் ரிசர்வேஷனையும் மாற்ற வேண்டும். ரவுட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்தால் பட்டியல் மொத்தமும் போய்விடும் என்பதால் கான்ஃபிக் பேக்கப் கட்டாயம்.

நான் சொல்வதெல்லாம் ஒரே ரவுட்டர், ஒரே வரிசை உள்ள சிறிய அலுவலகத்துக்கு. பல விலான்களாக (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்குகளாக) பிரித்த பெரிய இடங்களில் நான் கைவைத்ததில்லை. அங்கே நெட்வொர்க் ஆள் சொல்வதைக் கேளுங்கள்.