1.5 டன் ஏசி: டன்னை விடுங்கள், வாட்டைப் பாருங்கள்

கடைக்காரர் டன் என்றார். கையேட்டில் பிடியு (வெப்பத்தை அளக்கும் பிரிட்டிஷ் அலகு). நட்சத்திர லேபிளில் வாட். மூன்றும் ஒரே அளவைத்தான் சொல்ல வேண்டும், சொல்லவில்லை. இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா?

ஏசியில் டன் என்பது பனிக்கட்டிக் கணக்கு. 2,000 பவுண்டு எடையுள்ள அமெரிக்க டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அந்த வேகம்தான் ஒரு டன்: மணிக்கு 12,000 பிடியு, அதாவது 3,517 வாட். ஒன்றரை டன் என்றால் 5,275 வாட் இருக்க வேண்டும். நான் வாங்கிய ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசியின் லேபிளிலோ முழுக் குளிரூட்டும் திறன் 4,800 வாட். கிட்டத்தட்ட 1.36 டன். அரிசிக் கடையில் இப்படி எடை குறைந்தால் சண்டைக்குப் போயிருப்போம். (4,800 வாட் என்பது வெளியேற்றப்படும் வெப்பம். மின்சாரம் அவ்வளவு செலவாகாது. பக்கத்து வீட்டுக்காரர் போல யாரும் பதற வேண்டாம்.)

தூத்துக்குடி மாதிரி கடலோர ஊரில் இந்தக் குறை கூடுதலாகத் தெரியும். காற்றில் உள்ள ஈரத்தைத் தண்ணீராக்கவும் ஏசி உழைக்க வேண்டும். வடிகுழாய்க்கு அடியில் வாளி வைத்துப் பார்த்தேன். புழுக்கமான இரவில் மணிக்கு ஒரு லிட்டர் சேர்ந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கான நீராவி குளிர்ந்தால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளிப்படும். மணிக்கு ஒரு லிட்டர் என்பதால், வாட்டில் சொன்னால் சுமார் 680. இயந்திரத்தின் திறனில் ஏழில் ஒரு பங்கு அந்த வாளிக்கே போய்விடுகிறது.

இவ்வளவு குறை சொன்னாலும் இயந்திரம் நல்ல இயந்திரம். மேற்குச் சுவரும் மொட்டை மாடியும் வெயிலை வாங்கும் என் படுக்கையறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி. சித்திரை மாதத்திலும் இரவு 24 டிகிரியில் நிற்கிறது. சத்தம் இல்லை. மாட்ட வந்த பையன்கள் சுத்தமாக வேலை பார்த்தார்கள். ரிமோட் மட்டும் மட்டம், இருட்டில் எழுத்து தெரியாது.

லேபிளில் உள்ள ஆண்டு மின்செலவை அப்படியே நம்ப வேண்டாம். அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. எங்கள் ஊரில் இரவு எட்டு மணி நேரம் ஓட்டினால் அது 200 நாளில் தீர்ந்துவிடும். மீதி நாட்களுக்கான யூனிட்டை நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டும்.

சின்ன அறைக்குத் தயங்காமல் வாங்கலாம். மாடியில் பெரிய கூடம் வைத்திருப்பவர்கள் 6,000 வாட்டுக்கு மேல் எழுதியிருக்கும் ஏசியைத் தேடுங்கள். டன் எவ்வளவு என்று விற்பனையாளரிடம் கேட்கவே கேட்காதீர்கள்.