கழிவு வெப்பம்: மின்சாரமாகவா, வெந்நீராகவா?

எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் டர்பைனின் புகைபோக்கிக்கு மேலே காற்று கானல்போல நடுங்கும். சுமார் 500 டிகிரிச் சூடு, அப்படியே வானத்துக்குப் போகிறது. எரித்ததில் பாதிக்கும் மேல் இப்படித்தான் வீணாகிறது. மனசு கேட்கவில்லை.

அந்தச் சூட்டில் நீராவி கிளப்பி இன்னொரு டர்பைனைச் சுழற்றலாம். எரித்ததில் மின்சாரமாகும் பங்கு 40 சதவீதத்திலிருந்து 60 வரை ஏறும்.

அல்லது, வெப்பத்தை வெப்பமாகவே ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் குழாயில் அனுப்பலாம். மின்சாரமும் வெப்பமும் சேர்த்து மொத்தப் பயன் 80 சதவீதத்தைத் தாண்டும். அங்கே தனித்தனியாக எரிந்துகொண்டிருந்த பாய்லர்கள் அணையும், அவை கக்கிய கார்பனும் நிற்கும். ஆனால் மின்சாரம்போல வெந்நீர் வெகுதூரம் போகாது, வழியிலேயே ஆறிவிடும். கோடையில் வீடுகளுக்கு அது தேவையும் படாது.

பக்கத்திலேயே வருடம் முழுக்கச் சூடு கேட்கும் ஆலை இருக்கிறதா? யோசிக்கவே வேண்டாம், குழாய்தான். இல்லையென்றால் சரி, இரண்டாவது டர்பைன்.