பாட்டுக்கு ஒரு மைக், மிருதங்கத்துக்கு ஒரு மைக்: முதல் இன்டர்பேஸ் எது?

ஓடியோ இன்டர்பேஸ் (மைக்கின் சத்தத்தைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது விலையை. அடுத்து, பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் 192 கிலோஹேர்ட்ஸை, அதாவது செக்கனுக்கு எத்தனை தடவை சத்தத்தை அளக்கிறது என்ற கணக்கை. வன்னியில் இருந்து வாங்குகிறவர் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று: மைக் வயர் செருக எத்தனை இடம் இருக்கிறது?

நம்முடைய ஆட்களின் பதிவு பெரும்பாலும் கோயில் பாட்டு, கூத்துப் பாட்டு, வில்லுப்பாட்டு. மிருதங்கம், உடுக்கு, ஆர்மோனியம் எதிலும் வயர் செருக வழியில்லை. எல்லாமே மைக் வைத்துத்தான் எடுக்க வேண்டும். பெரிங்கர் யூஎம்சி22, போகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ இரண்டும் சறுக்குவது இங்கேதான். இரண்டிலும் இரண்டு உள்ளீடு உண்டு, ஆனால் மைக்குக்கு ஒன்றுதான். மற்றது கிற்றாருக்கோ கீபோர்டுக்கோ உரியது. தனியாகப் பாடி, கீபோர்டும் வாசிக்கிறவருக்குச் சோலோ போதும். மிருதங்கக்காரர் பக்கத்தில் இருந்தால் போதாது.

இவற்றிலும் மலிவாக வி8 என்ற சீன சவுண்ட் கார்ட் கிடைக்கிறது. கைதட்டல், சிரிப்புச் சத்தம் எல்லாம் பொத்தானில் வரும். போனில் நேரலை போட நல்ல சாமான். பதிவுக்கு வேண்டாம். மெல்லிய சத்தத்தையும் பிடிக்கிற, மின்சாரம் கொடுத்தால்தான் ஓடுகிற கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் வழமையான வி8இல் இல்லை. எதிரொலியைக் கூட்டிப் பாடினால் அது குரலோடேயே பதிந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது.

ஆக, உண்மையான போட்டி பெரிங்கர் யூஎம்சி202எச்டிக்கும் ஸ்கார்லெட் 2ஐ2க்கும்தான். இரண்டிலும் இரண்டு மைக் போடலாம், 24 பிட்டில் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் நுணுக்கம்) பதியலாம். இந்த 24 பிட் வெறும் விளம்பரம் இல்லை. யூஎம்சி22 போல 16 பிட்டில் பதியும்போது சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றியே வைக்க வேண்டியிருக்கும். 24 பிட்டில் தாராளமாக இறக்கி வைத்துப் பதிந்து, பிறகு கூட்டிக்கொள்ளலாம். தீர்மானத்தில் (தாளத்தை முடித்து வைக்கும் அடியில்) கை விழும்போது மிருதங்கம் திடீரென்று எகிறுமே, அப்போது பதிவு வெடிக்காமல் தப்பும். 192 கிலோஹேர்ட்ஸை மறந்துவிடுங்கள்; இறுவட்டே 44.1தான்.

2023இல் வந்த நான்காம் தலைமுறை 2ஐ2இல் மைக்கை 69 டெசிபெல் வரை கூட்டலாம், முந்தியதில் 56தான். இது எங்கே உதவும்? தகரக் கூரை வீட்டில், வெயிலுக்கு மின்விசிறியை நிறுத்த முடியாத அறையில். அங்கே கண்டென்சர் மைக் விசிறிச் சத்தத்தையும் வாரி எடுக்கும். எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக்கை (மேடையில் பிடித்துப் பாடுகிற, மின்சாரம் வேண்டாத வகை) வாயோடு நெருக்கிப் பிடித்துப் பாடுவதுதான் வழி. அந்த மைக்குக்கு நிறையக் கூட்ட வேண்டும். பெரிங்கரில் மெல்லிய குரலுக்குக் குமிழைக் கடைசிவரை திருக வேண்டியிருக்கும், 2ஐ2இல் இடம் மிச்சம் இருக்கும். அளவைத் தானே சரிபார்த்து வைக்கிற வசதியும், பாடும்போது எகிறினால் தானே குறைக்கிற வசதியும் அதில் உண்டு. தனியாளாகப் பாடிக்கொண்டே பதிகிறவருக்கு அது பெரிய உதவி.

ஆனாலும் முதல் தடவை வாங்குகிறவருக்கு 202எச்டியைத்தான் சொல்வேன். மிச்சக் காசுக்கு இரண்டாவது மைக் வரும். பாடகரையும் மிருதங்கத்தையும் ஒன்றாக எடுக்கலாம். அல்லது மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கமான தொப்பிக்கு ஒன்று வைத்து மிருதங்கத்தை முதலில் எடுத்து, குரலைப் பிறகு ஏற்றலாம்.

அப்படிக் குரலை ஏற்றும்போதுதான் தாமதம் கழுத்தைப் பிடிக்கும். லப்டொப் சத்தத்தைச் சேர்த்துச் சேர்த்து அனுப்பும் அளவான பஃபர் 1024 என்று இருந்தால் உள்ளே போகவே 23 மில்லிசெக்கன், வெளியே வர இன்னொரு 23. பாடகர் தாளத்துக்குப் பின்னால் இழுபடுவார். டைரக்ட் மொனிட்டர் பொத்தானை அமுக்கினால் குரல் கணினியைச் சுற்றி வராமல் நேரே ஹெட்போனுக்கு வரும். 202எச்டி, 2ஐ2 இரண்டிலும் இது உண்டு. விண்டோஸுக்கு 202எச்டி தன் சொந்த டிரைவரோடு (பெட்டியையும் கணினியையும் பேச வைக்கும் மென்பொருள்) வருகிறது. யூஎம்சி22க்கு ஏஸியோ4ஆல் என்ற பொது டிரைவரை நம்ப வேண்டும்.

ஐபாடில் பதிகிறவர்கள் ஸ்டைன்பெர்க் யூஆர்22சியையும் பார்க்கலாம். தனி 5 வோல்ட் மின்வழி இருப்பதால் கரண்ட் போனாலும் பவர் பாங்கில் ஓடும்.

எதை வாங்கினாலும், ஹெட்போனில் 'ஊம்' என்று இரைந்தால் முதலில் லப்டொப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் பிழை சார்ஜர் பக்கம் அல்லது வீட்டு எர்த் வயரில். கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை.